மூன்றரை சென்ரிமீற்றர்

ஸ்ரான்லி வீதியில் ஒரு மீற்றர் அலுமினியக் கோல் கேட்டேன்.
"யன்னலுக்கோ ரீச்சர், கேற்றுக்கோ?"
பாட்டுக்கு என்றால் சவிரிமுத்து விலையைக் கூட்டுவார்.
ஒன்றுக்கும் இல்லை என்றேன்.
ஒரு கண்ணை மூடி வளைவு பார்த்து
சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு வந்தேன்.
ஓட்டுமடச் சந்தியில் ஓட்டோ ஒன்றை இடித்து
கோல் சின்னதாய் ஒரு சொல் சொன்னது.
அது அதன் சொல் இல்லை.
குறுக்கே அடித்தால் எந்தக் கம்பியும் அப்படித்தான் பேசும்.

எனக்கு வேண்டியது நெட்டாங்கு:
வெளியே ஒரு வளைவும் காட்டாமல்
தன் நீளத்துக்குள்ளேயே
நெருங்கி, விலகி, நெருங்கி.

உயர்தரம், கணிதப் பிரிவு, பதினொரு பேர்.
ஐம்பதில், நட்ட நடுவில், கவ்வியை இறுக்கினேன்.
குங்கிலியம் தடவிய துணியால் நுனிவரை உருவினேன்.
முதலாவதுக்கு ஒன்றும் இல்லை.
இரண்டாவதுக்குக் கிறீச்சிட்டது துணி, கோல் அல்ல.
அவசரக்காரருக்கு அது தராது.
ஐந்தாவதுக்கு
ஓட்டுக்கூரைக் காகங்கள் எழும்பின,
பக்கத்து வகுப்பில் சமயபாடம் நின்றுபோனது.

கண்ணாடிக் குழாய்க்குள் தக்கைத் தூள்
துள்ளி, தடுமாறி, வரம்பு வரம்பாகக் குந்தியது.
அடிமட்டம் வைத்தோம். வரம்புக்கு வரம்பு ஏழு.
காற்று ஏழு சென்ரிமீற்றர் போகிற நேரத்தில்
அலுமினியத்துக்குள் நூறு.
செக்கனுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு தரம்.

"நுனியைத் தொடு," ஆரபி தொட்டாள். சத்தம் செத்தது.
திரும்ப உருவினேன். "இப்ப நடுவை."
தொட்டாள். பாடிக்கொண்டே இருந்தது.
கணுவில் அசைவு பூச்சியம்,
இழுபறி முழுக்க அங்கேதான் என்று எழுதினேன்.
"அசையாத இடத்தில என்னண்டு ரீச்சர்?"
ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை கேட்கும்,
இந்த வருஷம் நிரூசன்.
கயிறிழுத்தலில் நடு முடிச்சைப் பார்த்ததில்லையோடா
என்றுவிட்டு, பலகையைத் துடைத்தேன்.

பிறகு கவ்வியை இருபத்தைந்துக்கு நகர்த்தினேன்.
இங்கேதான் நான் கொஞ்சம் கள்ளி.
உருவினேன்.
பதினொரு பேரும் காதைப் பொத்தினார்கள்.
எனக்கு மின்விசிறி மட்டும்.

ஆஸ்பத்திரியில் கீறித் தந்த என் காதுக் கோடு
மூவாயிரம் வரைக்கும் நேராய் வந்து
நாலாயிரத்தில் கிணற்றுக்குள் விழும்.
விழுந்தது ஏறவில்லை.
பதினாலு வயதில், கொக்குவிலில், ஒரு பின்னேரம்.
மிச்சத்துக்கு இந்தக் கடதாசி இல்லை.

தூள்தான் சொன்னது. மூன்றரை.
ஏழில் பாதி, ஆகவே மீடிறன் இரட்டை, ஆகவே ஐயாயிரம்.
அடிமட்டத்தால் கேட்கிற பெண் நான்.

கணக்கின்படி எழுபத்தைந்தில் இன்னொரு கணு.
அங்கே கவ்வி இல்லை, திருகாணி இல்லை,
ஒருவரும் பிடிக்கவில்லை.
இந்தப் பக்கம் நுனி துடிக்கிறது,
அந்தப் பக்கம் நடு துடிக்கிறது,
அது மட்டும் தன்பாட்டில் நிற்கிறது.
ஆரபியை உருவச் சொல்லிவிட்டு
விரலை வைத்தேன்.
செத்ததா இல்லையா?
பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன்.
கைகள் காதிலேயே இருந்தன.
நிரூசன் ஒரு கண்ணையும் மூடியிருந்தான்.

பரிவு என்று எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு சொல்.
மீடிறன் பொருந்தாதவருக்கு அது வராது;
எவ்வளவு பலமாக அழுதாலும் வராது.
மூன்றாம் தட்டில் ஒரு புனல் நடுங்குதாம்,
நிரூசன்தான் கண்டுபிடித்தான்.
போய்க் கையை வைத்தேன்.
கண்ணாடி விளிம்பில், விரல் ரேகைக்குள்,
எறும்பு ஊர்வது மாதிரி
ஐயாயிரம்.

எடுக்க மனமில்லாமல் நின்றேன்.
ஆரபிக்குக் கை உளைந்திருக்கும், உருவிக்கொண்டே இருந்தாள்.

மணி அடித்தது.
அது எனக்குக் கேட்கும்.